ஒரே நாளில் வாங்காத டிஸ்க்குகள்

மாதச் சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு ஹார்ட் டிஸ்க் ஒவ்வொன்றாகத்தான் வந்து சேரும். முதலாவது குழந்தை பிறந்த வருடத்துப் படங்களுக்காக வாங்கியதாக இருக்கும். அது நிறைந்ததும் சென்னை ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கியது இரண்டாவது. மூன்றாவது, உறவினர் ஒருவர் பழைய கம்ப்யூட்டரைக் கழித்துக்கட்டியபோது கழற்றிக் கொடுத்தது. நான்காவது தீபாவளித் தள்ளுபடியில் வந்தது. ஒன்று 4 டிபி, ஒன்று 8 டிபி. ஒன்று நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும், மற்றது 7,200. கம்பெனியும் வேறு, வயதும் வேறு. இந்த நான்கையும் ஒரு நாஸ் பெட்டியில் செருகி, வீட்டு வைஃபையில் எல்லோருக்கும் பொதுவான சேமிப்பாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் கடைக்காரர் வேண்டாம் என்பார். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே அளவாக ஒன்றாக வாங்கிவிடுங்கள் என்பார். பெட்டியோடு வரும் கையேடும் பெரும்பாலும் அதையே சொல்லும்.

அந்த அறிவுரையில் பாதிதான் சரி. மறுபாதி ஆபத்தானது. காசு வரும்போது ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கும் நம் வீட்டு வழக்கம், ஒரே நாளில் நான்கையும் பெட்டி பிரிக்கும் பணக்கார வழக்கத்தைவிடப் பல விதங்களில் பத்திரமானது. ஆனால் எதை எதோடு சேர்க்கலாம், எதைச் சேர்க்கக்கூடாது என்று தெரிந்து சேர்க்க வேண்டும்.

மரக்காணம் என்ற கடற்கரை ஊரை வைத்து இதைப் பேசக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து ஈசிஆரில் ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தெற்கே வந்தால் சாலையோரம் உப்புப் பாத்திகள் தொடங்கிவிடும். ஆந்திரத்திலிருந்து கடலோரமாகவே இறங்கி வரும் பக்கிங்காம் கால்வாய் இந்தப் பகுதியில்தான் முடிகிறது. பக்கத்தில் கழுவெளி. 2021இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று கொள்ளும் ஆய்வாளர்கள் உண்டு. அப்படியானால் ஈராயிரம் ஆண்டுப் பழைய கடற்கரை இது. இங்கே ஜன்னல் கம்பி பொரிந்து உதிர்கிறது, செம்பில் பச்சைக் களிம்பு ஏறுகிறது, கதவுக் கீல் ஒரு மழைக்காலத்தில் இறுகிப்போகிறது. இந்தக் கரையின் குப்பங்களில் 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆல்பங்களோடு வீட்டையே கடல் எடுத்துக்கொண்ட குடும்பங்கள் இருக்கின்றன. அதற்குப் பிறகு எடுத்த கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, இறந்தவர்களின் குரல் எல்லாமே போனிலும் டிஸ்க்கிலும்தான் இருக்கின்றன. இங்கே டிஸ்க் பற்றிப் பேசுவது பொழுதுபோக்குப் பேச்சு அல்ல.

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்று செத்தாலும் தகவல் பிழைக்கும்படி செய்யலாம் என்பதை ஒழுங்காக எழுதிக் காட்டியவர்கள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவர். 1988இல் வெளியான அந்தக் கட்டுரையில்தான் ரெய்டு என்ற பெயர் வந்தது. அதன் அடிப்படை எளிது. மூன்று எண்களையும் அவற்றின் கூட்டுத்தொகையையும் நான்கு இடங்களில் எழுதி வைத்தால், எந்த ஒன்று அழிந்தாலும் மற்ற மூன்றைக் கொண்டு அதைத் திரும்பக் கண்டுபிடிக்கலாம். அந்தக் கூட்டுத்தொகைக்குப் பாரிட்டி என்று பெயர். விலை கூடிய ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதில் மலிவான சிறிய டிஸ்க்குகள் பலவற்றை வைத்தாலே போதும் என்பது அவர்கள் வாதம். ஏழை வீட்டுக்கு ஏற்ற வாதம்தான் அது. ஆனால் அந்தக் கணக்கு ஓர் அனுமானத்தின்மேல் நிற்கிறது: ஒவ்வொரு டிஸ்க்கும் தன் பாட்டுக்குச் சாகும், ஒன்றின் சாவுக்கும் மற்றொன்றின் சாவுக்கும் தொடர்பு இருக்காது.

தொடர்பு இருந்தால்? 2007இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடரும், மேலே சொன்ன அதே கார்த் கிப்சனும் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் மாற்றுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். உற்பத்தியாளரின் தாளில் ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகச் சாகும் என்று இருந்தது. உண்மையில் 2 முதல் 4 விழுக்காடு சாதாரணமாக மாற்றப்பட்டது, சில இடங்களில் 13 வரை போனது. அதைவிட முக்கியமான செய்தி, சாவுகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் வரவில்லை என்பது. ஒன்று விழுந்தால் அடுத்தடுத்து விழுந்தன. ரெய்டுக்குப் பெயர் வைத்த மூவரில் ஒருவரே அதன் அஸ்திவாரத்தில் இருந்த அனுமானத்தைப் பரிசோதித்து, அது தாங்காது என்று எழுதியது எனக்கு இன்றும் மரியாதை தருகிற செயல்.

ஒரே மாதிரியாக இருப்பதன் ஆபத்தை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய சம்பவம் ஒன்று 2019 நவம்பரில் வந்தது. ஹெச்பி எண்டர்பிரைஸ் நிறுவனம் தன் சர்வர்களில் போட்ட குறிப்பிட்ட சில எஸ்எஸ்டி வகை டிஸ்க்குகளைப் பற்றி அவசர அறிவிப்பு விட்டது. ஓடிய நேரம் 32,768 மணியைத் தொட்ட கணத்தில் அவை செத்துவிடும், தகவலையும் மீட்க முடியாது என்றது. அது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். 32,768 என்பது இரண்டின் 15ஆவது அடுக்கு. அந்த எண்ணோடு தளும்பிப்போகும் ஒரு கணக்கு டிஸ்க்குக்குள் இருக்கும் நிரலில் இருந்தது. இப்போது நினைத்துப் பாருங்கள். ஒரே மாடலில் எட்டு டிஸ்க் வாங்கி, ஒரே காலையில் செருகி, ஒரே நேரத்தில் சுவிட்ச் போட்டிருந்தால், எட்டும் ஒரே மணியில் விழும். எத்தனை பாரிட்டி வைத்திருந்தாலும் பயனில்லை. அந்தப் பெட்டியில் வேறு கம்பெனி டிஸ்க் ஒன்றும், ஒரு வருடம் கழித்து வாங்கியது ஒன்றும் இருந்திருந்தால் கதை வேறு.

நம் ஏட்டுச்சுவடிகளின் வரலாறு இதைத்தான் சொல்கிறது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றியபோது, ஒரே ஏட்டை நம்பி உட்காரவில்லை. மடங்களிலும் கவிராயர் வீடுகளிலும் கிடந்த பிரதிகளைத் தேடித் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிட்டார். ஓர் ஊர் ஏட்டில் செல்லரித்த வரி இன்னோர் ஊர் ஏட்டில் முழுதாக இருந்தது. வேறு வேறு கை எழுதியது, வேறு வேறு பரணில் கிடந்தது, வேறு வேறு பூச்சி தின்றது. சேதம் ஒரே இடத்தில் விழாததால்தான் நூல் பிழைத்தது. அப்படியிருந்தும் புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் இல்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. எந்த ஊர் ஏட்டிலும் அவை கிடைக்கவில்லை. நமக்கு வந்து சேர்ந்த பிரதிகள் எல்லாம், அந்த ஓலைகளை ஏற்கெனவே இழந்துவிட்ட ஏதோ ஒரு மூலத்தின் வாரிசுகள் என்றே நினைக்கத் தோன்றுகிறது. பிரதி எத்தனை இருந்தாலும் வேர் ஒன்றானால் குறையும் ஒன்றாகவே இருக்கும். ஒரே தயாரிப்புத் தொகுப்பில் பிறந்த நான்கு டிஸ்க்குகளும் இந்த நிலையில்தான் இருக்கின்றன.

ஆகவே கம்பெனியைக் கலக்கலாம், வருடத்தைக் கலக்கலாம், கட்டாயம் கலக்க வேண்டும். ஒரே கம்பெனிதான் கிடைக்கிறது என்றால் வேறு வேறு கடையில், சில மாத இடைவெளியில் வாங்குங்கள்.

இனி, கலக்கக்கூடாதது. டிஸ்க்கின் தட்டில் தகவல் வட்டவட்டமான தடங்களாக எழுதப்படுகிறது. பழைய முறையில் தடங்கள் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அதை சிஎம்ஆர் என்கிறார்கள். ஒரே தட்டில் இன்னும் அதிகம் அடைக்க வேண்டும் என்று பிறகு வந்த எஸ்எம்ஆர் முறையில், ஒரு தடத்தின் விளிம்பின்மேல் அடுத்த தடம் ஏறிப் படுத்திருக்கும். உப்பளத்துக்காரருக்கு இதை நொடியில் புரியவைக்கலாம். மழைக்கு முன் உப்பு அம்பாரத்துக்குக் கீற்று வேய்வது இப்படித்தான். அடிவரிசையில் தொடங்கி, ஒவ்வொரு வரிசையும் தனக்குக் கீழே உள்ளதன் தலையை மூடிக்கொண்டு போகும். இடம் மிச்சம், தண்ணீரும் இறங்காது. ஆனால் அடியில் ஒரு கீற்று மக்கிப்போனால் அதை மட்டும் உருவி மாற்ற முடியாது. மேலே உள்ள வரிசைகளைக் கலைத்து, அதை மாற்றி, மறுபடி எல்லாவற்றையும் வேய்ந்துகொண்டு வர வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் நடுவில் ஒரு சிறு திருத்தம் செய்தாலும் அந்தப் பட்டை முழுவதையும் படித்துத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது.

இந்தச் சிரமம் வெளியில் தெரியாதபடி டிஸ்க்கிலேயே சாதாரண முறையில் எழுதும் ஒரு சிறு பகுதியை ஒதுக்கியிருப்பார்கள். வருவதை எல்லாம் முதலில் அங்கே வாங்கிக்கொண்டு, நாம் சும்மா இருக்கும்போது டிஸ்க் மெதுவாக ஒழுங்குபடுத்தும். படங்களை ஏற்றுவது, சினிமா பார்ப்பது போன்ற அன்றாட வேலையில் வேறுபாடே தெரியாது. தெரிவது, பெட்டியில் ஒரு டிஸ்க் செத்துப் புதியதைச் செருகிய அன்றைக்குத்தான். மற்ற மூன்றையும் படித்து, கணக்குப் போட்டு, புதியதன்மேல் முதலிலிருந்து கடைசிவரை இடைவிடாமல் எழுதியாக வேண்டும். நொடிக்கு 150 எம்பி வேகத்தில் போனால்கூட 4 டிபிக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சிஎம்ஆர் டிஸ்க் அதை அதே வேகத்தில் செய்து முடிக்கும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் அந்த ஒதுக்கிடம் விரைவில் நிரம்பிவிடும், பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் பட்டையைக் கலைத்து வேய வேண்டும். 2020இல் வெளிநாட்டில் ஒரு சோதனையில் சிஎம்ஆர் டிஸ்க்குகள் ஒரு நாளுக்குள் முடித்த வேலைக்கு அதே அளவு எஸ்எம்ஆர் டிஸ்க் ஒன்பது நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. சில பெட்டிகள் அவ்வளவு நேரம் காத்திருக்காது. பதில் வரவில்லை, இதுவும் செத்துவிட்டது என்று முடிவுகட்டி ஒதுக்கிவிடும். ஒரு டிஸ்க் செத்த வீட்டில் இரண்டாவது சாவும் எழுதியாயிற்று.

இதில் வாங்குகிறவருக்கு நடந்த அநியாயத்தையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் வெளிவந்த செய்தி அது. நாஸ் பெட்டிக்கென்றே விற்கும் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் முறைக்கு மாறியிருந்தன. அதை அட்டைப் பெட்டியிலும் சொல்லவில்லை, விவரத் தாளிலும் சொல்லவில்லை. சீகேட்டும் தோஷிபாவும் கம்ப்யூட்டர் டிஸ்க்குகள் சிலவற்றில் அதையே செய்திருந்தது அப்போது தெரிந்தது. எதிர்ப்பு வலுத்ததும் மூன்று கம்பெனிகளும் பட்டியல் வெளியிட்டன. வெஸ்டர்ன் டிஜிட்டல் சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று தனியாகப் பெயரிட்டது. ஆகவே இன்று ஒருவர் தன் பழைய ரெட் டிஸ்க்குக்கு ஜோடியாக இன்னொரு ரெட் டிஸ்க் வாங்கினாலும், பெயரும் நிறமும் ஒன்றாக இருந்து உள்ளே முறை வேறாக இருக்கக்கூடும். மாடல் எண்ணின் கடைசி எழுத்துவரை படித்து, கம்பெனிப் பட்டியலில் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

அளவுகளைக் கலப்பதில் இவ்வளவு அபாயம் இல்லை, இட இழப்பு மட்டும்தான். பழைய ரெய்டு 5 முறையில் எல்லா டிஸ்க்கையும் இருப்பதிலேயே சிறியதன் அளவாகவே எண்ணும். 4, 4, 8, 8 டிபி என்று நான்கு போட்டால் எல்லாமே 4 என்று கொண்டு, ஒன்றைப் பாரிட்டிக்குக் கழித்து, 12 டிபி கிடைக்கும். இரண்டு பெரிய டிஸ்க்கிலும் பாதி வீண். சைனாலஜி பெட்டிகளில் உள்ள எஸ்எச்ஆர் முறை அந்த வீணாகும் பாதிகளை ஒன்றுக்கொன்று நகலாக வைத்து 16 டிபி தரும். அன்ரெய்டு என்ற முறையில் இருப்பதிலேயே பெரிய டிஸ்க் ஒன்றைப் பாரிட்டிக்குக் கொடுத்துவிட்டால் மற்றவை எந்த அளவிலும் இருக்கலாம், அதிலும் இதே 16தான். சைனாலஜியின் முறை அடியில் சாதாரண லினக்ஸ் கருவிகளால் ஆனது என்பதால் பெட்டி பழுதானாலும் டிஸ்க்குகளை ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் கோத்துப் படிக்க வழியுண்டு. இது சிறிய விஷயம் அல்ல. எந்த அளவு டிஸ்க்கை வேண்டுமானாலும் கலந்து போடலாம் என்று சொல்லியே புகழ்பெற்ற ட்ரோபோ பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் முறை அந்தக் கம்பெனிக்கு மட்டுமே தெரிந்தது. தாய் நிறுவனம் 2022இல் திவால் மனு கொடுத்து 2023இல் சொத்தை விற்றுக் கடனடைக்கும் நிலைக்குப் போனது. பெட்டி பழுதானால் உள்ளே நலமாக இருக்கும் டிஸ்க்குகளைப் படிக்க இன்னொரு பழைய ட்ரோபோவைத் தேட வேண்டும். டிஸ்க்குகள் பல கம்பெனி, சாவி மட்டும் ஒரே கம்பெனி என்றால் கலந்து என்ன பயன்?

சைனாலஜியே 2025இல் தன் புதிய பிளஸ் மாடல்களில் தன் பெயர் போட்ட, தான் ஒப்புதல் கொடுத்த டிஸ்க்குகளைத் தவிர மற்றவற்றை மறுக்கப் பார்த்தது. வாங்குகிறவர்களின் கோபத்தால் அதே வருடம் அக்டோபரில் அதைத் தளர்த்தியது. கலக்கும் உரிமையும் கேட்டுப் பெற வேண்டியதாகிவிட்டது.

வேறுபட்ட சுற்று வேகங்களைக் கலப்பதால் வேகமானது மெதுவானதற்காகக் காத்திருக்கும், அவ்வளவே. வீட்டு வைஃபையின் வேகத்தில் அது தெரியவே தெரியாது. கவனிக்க வேண்டியது வேறொன்று. படிக்க முடியாத ஓர் இடம் வந்தால் நாஸுக்கான டிஸ்க் ஏழு நொடி போல முயன்றுவிட்டு, முடியவில்லை என்று பெட்டியிடம் சொல்லிவிடும். பெட்டி பாரிட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளும். சாதாரண கம்ப்யூட்டர் டிஸ்க் தனியாக வாழப் பழகியது. அது நிமிடக்கணக்கில் முயன்றுகொண்டே இருக்கும், அதற்குள் பெட்டி அதைச் செத்ததாக எண்ணிவிடும். உறவினர் கழற்றிக் கொடுத்த அந்த மூன்றாவது டிஸ்க்கைப் பெட்டிக்குள் போடாமல் தனியாக நகல் வைக்கப் பயன்படுத்துவதுதான் நல்லது. கைமாறிய டிஸ்க் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று: 2025 ஜனவரியில், பயன்படுத்திய சீகேட் டிஸ்க்குகளின் ஓடிய நேரத்தை அழித்துப் புதியதென்று விற்ற மோசடி ஜெர்மனியில் வெளிப்பட்டது. ஃபார்ம் என்ற உள்பதிவைப் படித்துத்தான் கண்டுபிடித்தார்கள். சீகேட் வாங்கினால் அந்தப் பதிவையும் பார்த்துவிடுங்கள்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். உப்புக் கரைக்கு என்று தனிக் கணக்கு உண்டு.

மைக்ரோசாஃப்ட்டின் ஒன்பது டேட்டா சென்டர்களில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. வெப்பத்தைவிட ஈரப்பதமே டிஸ்க்குகளை அதிகம் கொல்கிறது என்பது அதன் முடிவு. தட்டும் தலையும் கெடுவதற்கு முன் வெளியே உள்ள சர்க்யூட்டும் இணைப்பும் அரித்துப்போகின்றன. அவர்கள் கண்ட இன்னொன்றும் உண்டு. சர்வரின் பின்பக்கம், சூடான காற்று வெளியேறும் இடத்தில் இருந்த டிஸ்க்குகள் ஈரமான ஊர்களில் அதிக நாள் பிழைத்தன. சூடு காற்றை உலர்த்துகிறது என்பதே காரணம். 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றை 40 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 46 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும்.

அந்த எண்கள் நம் ஊருக்கு ஏன் முக்கியம் என்பதை உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் படிக்காமலே அறிவார்கள். நீரின் அடர்த்தியைச் சொல்லும் போமே அளவில் 3 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும் கடல்நீர் பாத்திகளில் ஏறி, வெயிலில் வற்றி, 25 டிகிரி வந்ததும் உப்புப் பூக்கிறது. 29ஐத் தாண்டினால் மிச்ச நீரில் மெக்னீசியம் ஏறிக் கசக்கும். அதை வெளியேற்றாமல் விட்டால் உப்பு தரம் கெட்டு, மழைக்காலத்தில் சாக்கிலேயே நீர் விட்டுக்கொள்ளும். தூய சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் தண்ணீரை இழுத்துக் கரையும். மெக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டிலேயே இழுத்துவிடும். அலை உடையும் இடத்திலிருந்து காற்றில் ஏறிவரும் துளியில் இரண்டும் உண்டு. அது வீட்டுக்குள் வந்து, நாஸ் பெட்டியின் ஃபேன் வழியாக நாளெல்லாம் உறிஞ்சப்பட்டு, டிஸ்க்கின் அடியில் பச்சைப் பலகையில் திறந்து கிடக்கும் செம்பிலும் வெள்ளியிலும் படிகிறது. பெட்டி ஓடிக்கொண்டிருந்தால் சோடியம் உப்பு உலர்ந்த தூசியாகக் கிடக்கும், மெக்னீசியம் மட்டும் லேசாக ஈரமாக இருக்கும். பெட்டியை அணைத்துவிட்டு ஒரு மாதம் ஊருக்குப் போனால் இரண்டும் தண்ணீராகி அரிக்கத் தொடங்கும். கரன்ட் மிச்சம் பிடிக்கிறேன் என்று மழைக்காலத்தில் பெட்டியை அணைத்து வைப்பது இந்த ஊரில் சிக்கனம் ஆகாது. ஏசி அறையில் வைத்து ஏசியை அவ்வப்போது அணைப்பதும் கெடுதல். குளிர்ந்த உலோகத்தில் வெளிக்காற்று பட்டால் நேராகத் தண்ணீரே நிற்கும்.

இங்கேயும் கலப்பு உதவுகிறது. சாதாரண டிஸ்க்கில் மூச்சுத் துளை ஒன்று இருக்கும். உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாக இருக்க வேண்டும், ஏனென்றால் எழுதும் தலை தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் காற்றின்மேல்தான் மிதக்கிறது. வடிகட்டி தூசியைத் தடுக்கும், ஈரத்தை முழுதாகத் தடுக்காது. 2013 இறுதியில் ஹெச்ஜிஎஸ்டி கம்பெனி ஹீலியம் வாயுவை அடைத்து முழுதாக மூடிய 6 டிபி டிஸ்க்கைக் கொண்டுவந்தது. பெரிய அளவு டிஸ்க்குகளில் பல இன்று அந்த முறைதான். அதற்குள் நம் காற்று போகாது. ஆனால் அதன் சர்க்யூட் பலகையும் வெளியேதான் இருக்கிறது. ஆக, துளையுள்ளது இரண்டும் மூடியது இரண்டும் இருந்தால் ஒரே ஈரம் நான்கையும் ஒரே வழியில் தாக்காது. பலகையில் படியும் உப்பை மட்டும் எந்தக் கலப்பும் தடுக்காது. ஃபேன் உறிஞ்சும் பக்கம் மெல்லிய ஃபில்டர் துணி, கடலுக்கு எதிர்ப்பக்க அறை, வருடத்துக்கு ஒரு முறை திறந்து உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுவது. இவ்வளவுதான் நம் கையில்.

உப்பு வணிகம் செய்த உமணர்கள் மேடு பள்ளமான வழியில் வண்டி அச்சு முறியும் என்று தெரிந்து, வண்டிக்கு அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் அதை எடுத்துக்காட்டுகிறார். பெட்டிக்குள் நாம் வைக்கும் பாரிட்டி அந்த உபரி அச்சுதான். அச்சு முறிந்தால் அது காப்பாற்றும். வண்டியே ஆற்றோடு போனால் உபரி அச்சும் கூடவே போகும். ரெய்டைக் கொண்டு நகல் வைத்துவிட்டேன் என்று நம்புகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது ஒன்றுதான். மின்னல், தீ, திருட்டு, வெள்ளம், தவறுதலாக அழித்த கோப்பு எதுவுமே டிஸ்க்கின் கம்பெனிப் பெயரைப் பார்ப்பதில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது அங்கே 97,000 அளவில் நூல்கள் இருந்தன. வேறிடத்தில் பிரதி இருந்தவற்றைத் திரும்பச் சேர்க்க முடிந்தது. அங்கே மட்டும் இருந்த சுவடிகள் போனது போனதுதான். இன்று ‘நூலகம்’ என்ற நிறுவனம் ஈழத்து எழுத்துகளை எண்மமாக்கிச் சேர்த்துவருவதன் பின்னால் அந்த இழப்பின் பாடம் இருக்கிறது.

அப்படியானால் இரண்டாவது பிரதியை எவ்வளவு தூரத்தில் வைப்பது? திண்டிவனத்தில் தம்பி வீடு இருக்கிறதே, கடல் அங்கே வராதே என்று தோன்றும். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில் புதுச்சேரியை ஒட்டிக் கடந்தது. மரக்காணத்தைவிட உள்ளே இருக்கும் மயிலத்தில்தான் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. திண்டிவனமும் விழுப்புரமும் நீரில் நின்றன. திருவண்ணாமலையில் மலை சரிந்தது. கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் அடுத்த நாள் 50 செ.மீ. பெய்தது. கடலிலிருந்து தள்ளி இருப்பது மட்டும் போதாது. ஒரே மழை இரண்டு பிரதியிலும் விழக்கூடாது. டிஸ்க்கின் பிறப்பைக் கலப்பதுபோல அது இருக்கும் வானிலையையும் கலக்க வேண்டும்.

இந்தக் கரையில் வீடு உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழை இறங்கும் முன், இழந்தால் திரும்ப வராத படங்களையும் குரல்களையும் மட்டும் ஒரு தனி டிஸ்க்கில் நகலெடுங்கள். அது உங்கள் பெட்டியில் இல்லாத கம்பெனியாக இருக்கட்டும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத பையில் போட்டு, மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் உறவினரிடம் கொடுங்கள். பொங்கலுக்கு வரும்போது எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொரு கோப்பும் திறக்கிறதா என்று பார்த்து, புதியவற்றைச் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள்.